குற்றம் என்ன? கூறட்டும்!

“ஏன் பிடித்தீர்கள்?”

“அது இரகசியம்.”

“எந்தச் சட்டத்தை மீறினார்?”

“மீறவில்லை. மீறக்கூடும்!”

“எந்த நீதிபதி முன் நிறுத்தப் போகிறீர்கள்?”

“நீதிபதியா? அவருக்கு இங்கென்ன வேலை?”

“எப்போது விடுவீர்கள்?”

“எங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது!”

நாடக மேடைக்கென்று நாம் புனைந்த உரையாடல் இது என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! சொற்கள் நம்முடையவை, பொருள் வெள்ளையனுடையது. நூறாண்டுக்கு மேல் இந்த நாட்டு மக்களின் கழுத்தின்மீது தொங்கிக் கொண்டிருந்த ஒரு சட்டத்தைப் பிழிந்தால் வருகிற சாறு அது.

1818ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்திலே மூன்றாவது ஒழுங்குவிதி என்று ஒன்றைப் பிறப்பித்தது. அடுத்த ஆண்டே, 1819லே, நம் சென்னை ராஜதானிக்கென்று அதே அச்சிலே வார்த்தெடுத்த இரண்டாவது ஒழுங்குவிதி வந்தது. 1827லே பம்பாய்க்கும் வந்தது. இவை சொன்னது என்ன? வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லாவிட்டாலும், ராஜாங்கத்தின் நலன் கருதி ஒருவனை அடைத்து வைக்கலாம் என்றன. மீண்டும் ஒருமுறை படியுங்கள்: ஆதாரம் இல்லாவிட்டாலும்! ஆதாரம் இருந்தால் வழக்கு; இல்லாவிட்டால் விடுதலை என்பதுதான் நீதி. ஆதாரம் இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் வழக்கே இல்லாமல் சிறை என்பது கம்பெனியின் நீதி! அப்படி அடைக்கப்பட்டவனுக்கு ஒரு பட்டமும் தந்தார்கள் — ராஜாங்கக் கைதி!

இந்த ஒழுங்குவிதி பிறந்து அறுபத்தேழு ஆண்டு கழித்து, 1885லே, டைசி என்ற ஆங்கிலச் சட்ட மேதை தம் நாட்டு அரசியல் சட்டம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘சட்டத்தின் ஆட்சி’ என்ற சொற்றொடரை உலகமெங்கும் பரப்பியது அந்த நூல். நாட்டின் சாதாரண நீதிமன்றத்திலே, சட்டத்தை மீறினான் என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி எவனையும் தண்டிக்க முடியாது என்பது அவர் சொன்ன முதல் இலக்கணம். அழகான இலக்கணம்! ஆனால் அது தேம்ஸ் நதிக் கரையோடு நின்றுவிட்டது. கப்பலேறிக் கூவம் நதிக் கரைக்கு வரவில்லை.

சார்ஜ் மெமோ தெரியுமா உங்களுக்கு?

சட்டத்தின் ஆட்சி என்பது வக்கீல்கள் வாயிலே புரளுகிற வார்த்தை, நமக்கென்ன என்று நெய்வேலித் தோழர்கள் நினைக்கக்கூடும். இல்லை தோழர்களே, இல்லை! உங்களைவிட அதை அறிந்தவர்கள் எவருமில்லை.

சுரங்கத்திலே ஒரு தொழிலாளி மீது நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் என்ன செய்கிறது? முதலில் சார்ஜ் மெமோ. அதில் எந்த நாள், எந்த ஷிப்டு, என்ன குற்றம் என்று எழுத்திலே சொல்லியாக வேண்டும். பிறகு விளக்கம் கேட்கவேண்டும். பிறகு உள்விசாரணை. சாட்சி சொல்ல வருகிறவரைத் தொழிலாளி குறுக்குக் கேள்வி கேட்கலாம். அத்தனையும் முடிந்தபிறகுதான் தண்டனை. அதன்மேலும் வழக்காட வழி உண்டு. இவற்றில் ஒரு படி தாண்டப்பட்டாலும் சங்கத்துக் கொடி உயருகிறது. வாயிற் கூட்டம் நடக்கிறது!

ஒருவனுடைய வேலையைப் பறிக்கவே இவ்வளவு படிகள் ஏறவேண்டும். அவனையே பறித்துக் கொண்டு போக, மனைவி மக்களிடமிருந்து பிரித்துக் கம்பிக்குப் பின்னால் நிறுத்த, ஒரு படியும் வேண்டாமா? ஒரு துண்டுக் காகிதம் போதுமா? இந்த ஒரு கேள்விக்குள்ளே அடங்கியிருக்கிறது, சட்டத்தின் ஆட்சி என்று ஏடுகள் பேசுகிற எல்லாம்.

நமக்குப் பக்கத்திலே நடந்தது

தொலைவிலே போக வேண்டாம். நெய்வேலியிலே பேருந்து ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரத்திலே கடலூர். அந்தக் கடலூரிலே 1918ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஒருவரைப் பிடித்தார்கள். பத்தாண்டுக் காலம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலே தங்கியிருந்துவிட்டு, பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்தார், கைதானார். பெயர், சுப்பிரமணிய பாரதி.

அவருடைய கருத்துகள் அனைத்தோடும் நமக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு கேள்வி. அதை மேடையிலே பேசலாம், ஏட்டிலே எழுதலாம், நாள் முழுதும் வாதாடலாம். வாதத்துக்கு மறுப்பு வாதம்தான், விலங்கு அல்ல! அவர் கையிலே துப்பாக்கி இருந்ததா? எழுதுகோல் இருந்தது. நாட்டுக்கு ஆபத்தான நேரமா அது? உலகப் போர் நவம்பர் 11ஆம் நாளே ஓய்ந்துவிட்டது. பீரங்கிகள் வாய்மூடி ஒன்பது நாள் ஆயிற்று. ஆனால் போர்க்காலத்து அதிகாரங்கள் வாய்மூடவில்லை. எதிரி சரணடைந்தான்; எடுத்த அதிகாரத்தைத் திருப்பித் தரத்தான் சர்க்காருக்கு மனம் வரவில்லை!

கடலூர்ச் சிறையிலே இருபத்தைந்து நாள் அளவுக்கு வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் பேசினார்கள், அன்னி பெசன்ட் அம்மையார் முயன்றார், சி.பி.ராமசாமி ஐயர் முயன்றார். டிசம்பர் 14ஆம் நாள் வெளியே விட்டார்கள். எப்படி விட்டார்கள்? குற்றவாளி என்று தீர்ப்பு உண்டா? இல்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு உண்டா? அதுவும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்திலே குறித்த இடங்களிலேதான் இருக்கவேண்டும். எழுதுவதைப் போலீசுக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும் — இப்படி நிபந்தனைகளைப் பூட்டி அனுப்பினார்கள். சிறைக்கதவு திறந்தது, சிறை அவரோடு கூடவே நடந்தது!

விசாரணை நடந்திருந்தால், அவர் வாதாடியிருப்பார். வாதம் ஏட்டிலே வந்திருக்கும். மக்கள் படித்திருப்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று எடை போட்டிருப்பார்கள். எடை போடுவதற்கு அஞ்சுகிறவன்தானே தராசை உடைக்கிறான்!

வழக்கு நடந்தால் மட்டும் வெள்ளையன் நீதி வழங்கிவிட்டானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1908லே தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ.உ.சிதம்பரனாருக்கு வழக்கு நடத்தித்தான் நாற்பதாண்டு தண்டனை விதித்தான் பின்ஹே என்ற நீதிபதி. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. குற்றச்சாட்டு இன்னதென்று தெரிந்தது, தீர்ப்பு எழுத்திலே இருந்தது, மேல்முறையீடு சென்றது, தண்டனை குறைந்தது. கொடுமையான தீர்ப்பை எதிர்த்துப் போராடலாம். தீர்ப்பே இல்லாத சிறையை எதை வைத்து எதிர்ப்பது?

சங்கம் பிறந்த ஊரிலே

பாரதிக்கு ஓராண்டு முன்னே, 1917 ஜூன் மாதத்திலே, சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபு, போர்க்காலப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி அன்னி பெசன்ட் அம்மையாரையும், அருண்டேல், பி.பி.வாடியா என்ற அவருடைய இரு துணைவர்களையும் காவலில் வைத்தார். ஹோம் ரூல் கேட்டது குற்றம்! சென்னை உயர்நீதிமன்றத்திலே தலைமை நீதிபதிப் பொறுப்பையே வகித்த எஸ்.சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டிக்கப்பட்டபோது ‘சர்’ பட்டத்தைத் தூக்கி எறிந்தார். எதிர்ப்பு எங்கும் எழுந்தது. மூன்று மாதத்திலே, செப்டம்பரிலே, விடுவித்தார்கள்.

விடுதலையான அந்த வாடியா அடுத்து என்ன செய்தார் தெரியுமா? 1918 ஏப்ரலிலே சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரானார். பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளருக்காகப் பிறந்த சங்கம் அது. இந்த நாட்டிலே முறையாக அமைந்த தொழிற்சங்கங்களிலே மூத்தது. அந்த மனிதரைக் காலவரையின்றி உதகையிலேயே முடக்கி வைத்திருந்தால்? சங்கம் பிறந்திருக்குமா, எப்போது பிறந்திருக்கும் என்று எவரால் சொல்ல முடியும்? விசாரணையற்ற காவல் ஓர் ஆளை மட்டும் அடைப்பதில்லை, தோழர்களே. அவன் பேசியிருக்கக்கூடிய பேச்சை, அமைத்திருக்கக்கூடிய சங்கத்தைச் சேர்த்து அடைக்கிறது!

இரண்டு சாஸ்திரிகள்

போர் முடிந்தது. அதிகாரம் காலாவதியாகப் போகிறதே என்று கவலைப்பட்ட சர்க்கார், ரௌலட் என்ற ஆங்கில நீதிபதியின் தலைமையிலே ஏற்கெனவே ஒரு கமிட்டி போட்டு அறிக்கை வாங்கி வைத்திருந்தது. அந்தக் கமிட்டியிலே நம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரும் இருந்தார் — சி.வி.குமாரசாமி சாஸ்திரி. அறிக்கையிலிருந்து பிறந்தது 1919 மார்ச் மாதத்து ரௌலட் சட்டம். விசாரணையின்றிக் காவல், விசாரணை நடந்தால் ஜூரி இல்லை, அப்பீல் இல்லை. அந்த மசோதா டில்லி சட்டசபைக்கு வந்தபோது எழுந்து நின்று எதிர்த்தவர்களிலே ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அறிக்கையிலே கையெழுத்திட்டவர் ஒரு சாஸ்திரி. எதிர்த்து முழங்கியவர் ஒரு சாஸ்திரி! நிறமோ குலமோ அல்ல, நிற்கிற இடமே மனிதனைக் காட்டுகிறது.

ஏப்ரல் 10ஆம் நாள் அமிர்தசரஸ் நகரத்திலே கிச்சலு, சத்தியபால் என்ற இரு தலைவர்களைப் பிடித்து, விசாரணை ஏதுமின்றி ஊர்கடத்தினார்கள். “எங்கள் தலைவர்கள் எங்கே?” என்று கேட்டு வந்தவர்கள்மீது சுட்டார்கள். மூன்றாம் நாள், ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக்! சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே 379 பிணங்கள். படுகொலை என்றால் டயரின் பெயரைச் சொல்கிறோம், சரிதான். ஆனால் அந்தக் குண்டுகளுக்கு முன்னே ஓடிய இரண்டு காகிதங்களை மறந்துவிடக் கூடாது. விசாரணை இல்லாத கைது ஆணைகள் அவை!

பெயர் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னவர்கள் பெயருள்ளவர்கள். அவர்களுக்காக எழுதக் கைகள் இருந்தன. பேச வாய்கள் இருந்தன. கேட்பாரற்ற ஏழைகளின் கதை என்ன?

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று. 1871லே வடக்கே பிறந்தது. 1911லே சென்னை ராஜதானிக்கும் நீண்டது. ஒரு சாதியிலே பிறந்ததே குற்றம்! திருடினானா என்று கேட்கவில்லை. எந்தத் தாய் வயிற்றிலே பிறந்தான் என்று கேட்டார்கள். கைரேகை வை, இரவிலே போலீஸ் நிலையத்திலே படு, ஊரைவிட்டு நகர அனுமதிச் சீட்டு வாங்கு! குடும்பம் குடும்பமாகக் குடியேற்ற முகாம்களிலே அடைத்தார்கள். நம் தென்னார்க்காட்டிலேயே அசீஸ் நகரிலே அப்படியொரு முகாம் இருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரிலே, கைரேகை வைக்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மீது துப்பாக்கி பாய்ந்தது. பதினாறு பேர் மாண்டார்கள்; ஒரு பெண்ணும் அதிலே அடக்கம். 1947லேதான் நம் மாகாணத்திலே அந்தச் சட்டம் ஒழிந்தது.

படித்தவனுக்கு ராஜாங்கக் கைதி என்று பட்டம். பாமரனுக்குக் குற்றப் பரம்பரை என்று பட்டம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: “செய்தான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, செய்வான் என்று நாம் நினைத்தால் போதும்!”

நீதிமன்றம் வாய்திறந்தபோது

இரண்டாம் உலகப் போரிலே மீண்டும் இந்தியப் பாதுகாப்பு விதிகள். 26ஆவது விதியின்கீழ் ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே தள்ளினார்கள். பம்பாய்க்காரர் கேசவ் தல்பாடே வழக்காடினார். 1943 ஏப்ரலிலே, ஆங்கிலேயரான மாரிஸ் குவையர் தலைமையிலான ஃபெடரல் கோர்ட், அந்த விதியே செல்லாது, சட்டம் தந்த அதிகாரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் ஆட்சி பிழைத்தது என்று மகிழ்ந்தீர்களா? அவசரப்படாதீர்கள்! சில நாட்களுக்குள்ளே சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, செல்லாததைச் செல்லுபடியாக்கியது, முன்தேதியிட்டு! ஆட்டத்திலே தோற்றவன் ஆட்டத்தின் விதியை மாற்றினான்.

அதே ஆண்டு வங்காளத் தொழிற்சங்கத் தலைவர் சிப்நாத் பானர்ஜியின் வழக்கிலே இன்னொரு கூத்து அம்பலமாயிற்று. போலீஸ் பரிந்துரை வந்தால் உள்துறையிலே கைது ஆணை வழக்கம்போல் பிறந்துவிடும் என்பது வெளிப்பட்டது. ‘சர்க்கார் திருப்தியடைந்து’ என்று ஆணையிலே அச்சிட்டிருக்கும். திருப்தியடைந்தது யார்? அச்சு எந்திரம்!

கப்பல் போயிற்று, பூட்டு இருந்தது

1947லே வெள்ளையன் போனான். 1950 ஜனவரி 26லே குடியரசு பிறந்தது. ஒரு மாதம் நிறைவதற்குள், பிப்ரவரியிலே, தடுப்புக்காவல் சட்டம் பிறந்தது! வெள்ளையனாவது போரைக் காரணம் காட்டினான். நம் அரசியல் சட்டமோ, 22ஆவது விதியிலே, அமைதிக் காலத்துக்கும் சேர்த்து அதற்கு இடம் வகுத்தது. ஏற்கெனவே சிறையிலிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன்மீது மார்ச் 1ஆம் நாள் புதுச்சட்டத்தின் ஆணை சார்த்தப்பட்டது. ‘கோபாலன் எதிர் சென்னை அரசு’ என்ற வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மே 19ஆம் நாள் தீர்ப்பு. சட்டம் பெரும்பாலும் செல்லும். ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திலே கூடச் சொல்லக்கூடாது என்ற 14ஆவது பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். வெள்ளையனுடைய விதிகளை எதிர்த்துச் சிறை சென்றவர்களே, அதே பூட்டுக்கு எண்ணெய் போட்டு எடுத்து வைத்தார்கள்.

அந்தப் பூட்டு 1975லே எப்படிப் பூட்டிற்று என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 1971லே வந்த மிசா, நெருக்கடி நிலை, 1976லே சென்னை மத்திய சிறை. அங்கே மிசா கைதிகள் அடிபட்டதைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. அந்த 1976 ஏப்ரல் 28ஆம் நாள், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்சநீதிமன்றத்திலே நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. 2017லே உச்சநீதிமன்றமே அந்த நால்வர் தீர்ப்பைத் தவறென்று தள்ளிற்று. பதவி பெற்றவர்களின் பெயர் மங்கிற்று. பதவி இழந்தவரின் பெயர் நின்றது!

கடல் கடந்த தமிழன் கதையும் இதுவே. மலேயாவிலே வெள்ளையன் 1948லே கொண்டுவந்த அவசர விதிகளின் வாரிசாக 1960லே வந்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். 2007 டிசம்பரிலே ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரை அதன்கீழ்தான் அடைத்தார்கள். 2012லே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இலங்கையிலே 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டம், பதினெட்டு மாதம் வரை காவலாணை மட்டுமே கொண்டு அடைக்க வழிசெய்து, எத்தனை தமிழ் இளைஞரை விழுங்கிற்று!

“ரவுடியை என்ன செய்வது?”

கேள்வி எழும். “வெடிகுண்டு வைப்பவனையும் ஊரை மிரட்டும் ரவுடியையும் மாலை போட்டு வரவேற்கச் சொல்கிறீர்களா?” என்பார்கள். இல்லை! குற்றம் செய்தால் பிடியுங்கள். குற்றப்பத்திரிகை கொடுங்கள். சாட்சியைக் கொண்டு வாருங்கள். தீர்ப்பு வரட்டும், தண்டனை பெறட்டும். அதற்குத்தானே போலீஸ், அதற்குத்தானே நீதிமன்றம், அதற்குத்தானே நம் வரிப்பணம்! சாட்சி திரட்டுவது கடினம், ஆணை எழுதுவது எளிது என்பது ஒரு வாதமா? வேலை செய்யச் சோம்புகிறவனுக்குச் சுரங்கத்திலே என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

தமிழகத்திலே 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், குண்டர் சட்டம் என்று மக்கள் அழைப்பது, ஓராண்டு வரை அடைத்து வைக்க வழிசெய்கிறது. கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் அது பயன்பட்டே வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர் நமக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்று பார்த்து வாய் திறப்பதும் மூடுவதும் கொள்கை ஆகாது. எதிர்க்கட்சிக்காரனைப் பிடிக்கும்போது கைதட்டுகிறவன், தன் வாசலுக்கு வரப்போகிற வண்டிக்கு வழி காட்டுகிறான்!

இன்னொரு செய்தி: 1978லே நிறைவேறிய 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஆலோசனைக் குழுவின் பரிசீலனை இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கச் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் வரவேயில்லை. மத்தியிலே எத்தனை அமைச்சரவைகள் வந்தன, போயின! ஒருவருக்கும் ஒரு கையெழுத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அதிகாரத்தின் சுவை கட்சி பார்ப்பதில்லை.

தெரிந்து வையுங்கள்

ஆகவே தோழர்களே, ஆத்திரப்படுவது மட்டும் போதாது, அறிந்திருக்க வேண்டும். சாதாரணக் கைது என்றால், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் வைத்துக் கொள்ளும் உரிமை உண்டு. தடுப்புக்காவல் என்றால் இந்த இரண்டும் இல்லை. ஆனால் காரணங்களை இயன்ற விரைவிலே தெரிவிக்க வேண்டும். மறுப்பு மனு எழுத வாய்ப்புத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க ஆலோசனைக் குழுவின் இசைவு வேண்டும். ஆட்கொணர்வு மனுவோடு உயர்நீதிமன்றக் கதவைத் தட்டலாம். தாய் தட்டலாம், மனைவி தட்டலாம், நண்பன் தட்டலாம். மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள், கைதிக்குத் தெரிந்த மொழியிலே காரணம் தரவில்லை என்பன போன்ற குறைகளுக்காகவே பல ஆணைகள் அங்கே ரத்தாகியிருக்கின்றன. கதவு குறுகியது, ஆனால் கதவு உண்டு. தட்டத் தெரியாதவனுக்குத்தான் அது சுவர்!

நெய்வேலித் தோழர்கள் மண்ணைத் தோண்டுகிறவர்கள். மேலே கிடக்கிற மண் மலையை அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி தென்படும் என்று அறிந்தவர்கள். பாதுகாப்பு, பொது அமைதி, ராஜாங்க நலன் என்று குவித்து வைத்த சொற்குவியலை அகற்றிப் பாருங்கள். அடியிலே ஒரு மனிதன் தெரிவான். அவன் பாரதியாக இருக்கலாம், வாடியாவாக இருக்கலாம், பெருங்காமநல்லூரின் பெயர் தெரியாத உழவனாக இருக்கலாம், நாளை உங்கள் வட்டத்திலே அடுத்த வீட்டுக்காரனாக இருக்கலாம். அவன் நம் கட்சியா என்று கேட்காதீர்கள். நம் சாதியா என்று கேட்காதீர்கள். அவனைப் பிடித்தவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்:

குற்றம் என்ன? கூறட்டும்! கூற முடியாதா? கதவு திறக்கட்டும்!